மாந்தோப்புக்கு வந்த கப்பல்

தலை உள்ளே போய்விட்டது. வலது தோளும் போய்விட்டது. இடது தோள் மட்டும் வெளியே, சித்தூர் பக்கத்துப் புத்தலப்பட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

நான் நுழையப் பார்த்தது ஓர் இரும்புச் சுவரில் வெட்டியிருந்த முட்டை வடிவ ஓட்டை. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. துரு வாசனையும் பழைய எண்ணெய் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. பின்னாலிருந்து, எங்களுக்குத் தேர்வு வைத்த பாஸ்கர் சார் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏமய்யா, லோபலிக்கி போ! உள்ள போய்யா, லைன்ல எவ்ளோ பேரு நிக்கறாங்க!"

நான் உள்ளே போகவில்லை. வெளியே வரவும் முடியவில்லை. மூச்சு முட்டியது. கடைசியில் இரண்டு பேர் என் இடுப்பைப் பிடித்து இழுத்து, ஒரு மாமரத்தடியில் உட்கார வைத்தார்கள். யாரோ சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்க முடியாமல் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டேன்.

எனக்கு அடுத்துப் போனவன் என் மச்சான் தேவராஜ், என் மனைவி சுகுணாவின் அண்ணன். பாம்பு புற்றுக்குள் போகிற மாதிரி உள்ளே போனான். சொன்ன இடத்தில் பெயின்ட் அடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு அன்றே அவன் தேர்வாகிவிட்டான்.

நான் எங்கள் ஊர் குடிபாலாவுக்குத் திரும்பும் பஸ்ஸைத் தேடிப் போனேன்.

கடல் இல்லாத ஊரில்

மாந்தோப்பில் கப்பலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஊரும் அதைத்தான் கேட்டது.

எங்கோ கடற்கரையில் உடைத்த ஒரு பழைய கப்பலின் அடிவயிற்றுத் துண்டு அது. பாஸ்கர் சார் அதை விலைக்கு வாங்கி, நீளமான டிரெய்லர் லாரியில் ஏற்றி, சித்தூர்–திருப்பதி சாலை வழியாகக் கொண்டுவந்து தன் தோப்பில் இறக்கினார். மின்கம்பிகளைக் கழியால் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்களாம். ஒரு வீட்டளவு இருக்கும். அதன் அடிப்பக்கத்தில் சுண்ணாம்புக் கொப்புளம் மாதிரி கடல் சிப்பிகள் ஒட்டியிருந்தன. முதல் வாரம் ஊர்ப் பிள்ளைகள் அவற்றைப் பெயர்த்தெடுத்து விளையாடினார்கள்.

பாஸ்கர் சார் வெளிநாட்டுக் கப்பல் பட்டறைகளில் பல வருஷம் போர்மேனாக இருந்துவிட்டு வந்தவர். நாட்டில் வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கதவுகளைத் திறந்துவிட்டிருந்த காலம். எங்கள் பக்கத்து ஆட்கள் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கப்பலுக்குள் இறங்கி வேலை செய்யத் தெரிந்த ஆளை அனுப்பினால் பட்டறைக்காரர்கள் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அதற்காகத்தான் அந்தத் துண்டு. அதற்குள் நுழைந்து, வேலை செய்து, ஒழுங்காக வெளியே வர வேண்டும்.

தெலுங்கும் தமிழும் கலந்து அவர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம் இன்னும் நினைவிருக்கிறது.

"நீ லாரி பெயின்டர்தான? காலி லாரி பள்ளத்துல எப்பிடிப் போவும்?"

"குதிக்கும் சார்."

"லோடு வண்டி?"

"குதிக்காது."

"கப்பலும் அதேதான். சரக்கு இல்லேன்னா ஆடும். அதுக்கு வயித்துல கடல் தண்ணி ரொப்பிக்கும். சரக்கு ஏத்துனா தண்ணிய வெளிய வுட்ரும். உப்புத் தண்ணி வர்றதும் போறதுமா இருந்தா இரும்பு இன்னா ஆவும்?"

அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பெயர் பேலஸ்ட் டேங்க். கப்பலின் வெளி உடம்பைத் துறைமுகத்தில் நிற்கிறவன்கூடப் பார்க்கலாம். தொட்டியின் உட்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. துரு அங்கேதான் உட்கார்ந்து தின்னும். அதனால் மணலைப் போன்ற கரடான துகளைக் காற்றழுத்தத்தில் அடித்துப் பழைய துருவைச் சுரண்டி, இரும்பை வெள்ளி மாதிரி ஆக்கி, ஈரம் படிவதற்குள் பெயின்ட் அடித்துவிட வேண்டும்.

மயில் வரைந்த கை

லாரி பட்டறையில் நான் பெயின்டராக இருந்ததைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் நிறையச் சொல்லிவிட்டேன். இங்கே ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும்.

சித்தூரில் பத்து லாரி நின்றால் அதில் ஒன்றின் பின்கதவில் என் மயில் இருக்கும். ஸ்ப்ரே கன் பிடித்தாலும் பிரஷ் பிடித்தாலும் என் கை ஆடாது. ஆனால் அந்தச் சமயத்தில் வண்டிகளின் பாடி பெரிய ஊர் ஆலைகளிலிருந்தே பெயின்டோடு வர ஆரம்பித்திருந்தது. மயில் கேட்டு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். முதலாளி பட்டறையில் பாதியை டயர்க் கடைக்கு விட்டுவிட்டார்.

எங்கள் நைனா வாழ்நாள் முழுக்கப் பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போனவர். கடைசிக் காலத்தில்தான் சர்க்கார் கொடுத்த பட்டா நிலம் கொஞ்சம் வந்தது. கல்லும் முள்ளுமான மேட்டு நிலம். அதில் ஒரு போர் போட வேண்டும், எங்கள் மகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று நானும் சுகுணாவும் பேசி வைத்திருந்தோம்.

திருப்பதியில் ஏஜென்ட் ஆபீஸுக்கு நானும் தேவராஜும் சேர்ந்துதான் போனோம். கோவில் தெருவுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. கீழே மொட்டைத் தலைகளில் சந்தனம் பூசிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். மாடியில் எங்களைப் போன்றவர்கள் போட்டோவும் பாஸ்போர்ட்டுமாகப் படிக்கட்டு வரைக்கும் நின்றார்கள். ஏஜென்ட் என் கையில் பிரஷ் கொடுத்து ஒரு தகரத்தில் கோடு போடச் சொன்னார். போட்டேன். "பாகுந்தி" என்று தலையாட்டிவிட்டு எங்களைப் புத்தலப்பட்டுக்கு அனுப்பினார்.

ஒரு பொந்துக்குள் நுழைய முடியாது என்பது எனக்கே அதுவரை தெரியாது. கிணற்றில் இறங்கியிருக்கிறேன், பனைமரம் ஏறியிருக்கிறேன். நாலு பக்கமும் இரும்பு வந்து அழுத்தும் என்று யார் கண்டார்கள்?

சோறு உள்ளே இருக்கிறது

தேர்வு நடந்த அன்று வீட்டுக்குப் போய், ஸ்ப்ரே கன் சரியில்லை, அதனால் இந்த முறை ஆகவில்லை என்றேன். சுகுணா சோறு போட்டாள். மறுநாள் அவள் அண்ணன் வந்து எல்லாவற்றையும் உடைத்துவிட்டான்.

"உன் ஊட்டுக்காரன் பாதில மாட்டிக்கினான். அடுத்த பேட்ச்சுக்கு இன்னொரு சான்ஸ் தர்றேன்னு சார் சொல்லிக்கீறாரு. வரமாட்டேன்றான்."

சுகுணா என்னைப் பார்த்தாள். "இன்னா மாமா, நிஜமா?"

"எனக்கு அது ஒத்து வராது. வுடு."

அவள் விடவில்லை. சுகுணா அப்போது மாம்பழக்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை லீவு. அந்த வாரம் டிபன் கேரியரில் சோறு கட்டிக்கொண்டு, "வா, அந்தக் கப்பல நானும் பாக்கணும்" என்று என்னைக் கிளப்பினாள்.

தோப்புக் காவல்காரர் குடுபல்லிப் பக்கத்துக்காரர். "பாத்துட்டுப் போங்க" என்று கயிற்றுக் கட்டிலில் புரண்டு படுத்துக்கொண்டார்.

சுகுணா அந்த இரும்பைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை முதலில் விட்டு, உடம்பைத் திருப்பி, உள்ளே போய்விட்டாள். டிபன் கேரியரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"ஏய் சுகுணா!"

"கத்தாத. இங்க கூலா கீது. வெளியதான் வெயிலு."

"வெளிய வா, பூச்சி பொட்டு இருக்கும்."

"சோறு உள்ளதான் கீது. துன்னணும்னா வா."

நான் ஓட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கத்திரிக்காய்க் குழம்பு வாசனை துரு வாசனையோடு கலந்து வந்தது. அவள் நிஜமாகவே சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியோடு நடந்த சண்டை, ஆலையில் சூப்பர்வைசர் வழுக்கி விழுந்தது, மகளுக்குப் பல் ஆடுவது. வெளியே நிற்கிற என்னிடம் பேசுகிற மாதிரியே இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

அந்த ஞாயிறு என் தலையும் தோளும் மட்டும்தான் உள்ளே போயின. அந்த அளவிலேயே நின்று, அவள் நீட்டிய ஓர் உருண்டைச் சோற்றை வாயில் வாங்கிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு இடுப்பு வரைக்கும். அதற்கடுத்த ஞாயிறு, எப்படிப் போனேன் என்று தெரியாது, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கண் பழகியதும் இருட்டு அவ்வளவு இருட்டாக இல்லை. ஓட்டை வழியாக மாவிலையின் பச்சை தெரிந்தது. என் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

அப்போது கேட்டேன். "நான் சிங்கப்பூர் போறது உனக்கு இஷ்டமா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு இவ்ளோ பாடு?"

கேரியர் மூடியை அழுத்தி மூடினாள். "புடிக்கலன்னா போவாத மாமா. நானும் சந்தோசமா இருப்பேன். பயந்துகினு போவாம இருக்காத. அப்பறம் காலத்துக்கும் அதயே நெனச்சிகினு இருப்ப, என்னையும் பாக்க மாட்ட."

அவள் குரல் அந்த இரும்புக்குள் மோதி இரண்டு முறை கேட்டது.

அடுத்த பேட்ச்சில் நான் உள்ளே போய் பெயின்ட் அடித்துவிட்டு வெளியே வந்தேன். பாஸ்கர் சார் அடித்த இடத்தை டார்ச் போட்டுப் பார்த்தார். ஓரங்களை விரலால் தடவினார். கூரான விளிம்பில் ஸ்ப்ரே பெயின்ட் நிற்காது, விலகிவிடும். அங்கெல்லாம் முதலில் பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்திருக்க வேண்டும். மயிலிறகின் ஓரம் இழுத்த கைக்கு அது கஷ்டமா?

"எவடுறா நீக்கு நேர்ப்பிஞ்சிந்தி? யாரு கத்துக் குடுத்தாங்க?" என்றார்.

"லாரி சார்" என்றேன். உள்ளே நுழையக் கற்றுக்கொடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை.

விளக்கு அணைந்தபோது

சிங்கப்பூரைப் பற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது. இங்கே ஒரு முற்பகல் மட்டும்.

பெரிய சரக்குக் கப்பல். அடித்தளத் தொட்டி. உள்ளே அறை அறையாக இரும்புத் தடுப்பு, ஒவ்வொரு தடுப்பிலும் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு துளை. நான், தேவராஜ், ஹாரூன் என்ற பங்களாதேஷ்காரர், மூன்று பேரும் கடைசி அறையில் இருந்தோம். தேவராஜ் கன் பிடித்து அடித்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு முன்னால் விளிம்புகளில் பிரஷ் போட்டுக்கொண்டே போனேன். ஹாரூன் பெயின்ட் வரும் ஓஸ் குழாயை இழுத்துக் கொடுத்தார்.

தொட்டிக்குள் என் பயம் முழுசாகப் போனதே இல்லை. அதனால் ஒவ்வொரு நாளும் இறங்கும்போது வந்த வழியைக் கையால் தொட்டுத் தொட்டு மனசில் வைத்துக்கொள்வேன். எந்தத் துளைக்குப் பின் எந்தப் பக்கம் திரும்பினோம், ஏணி எங்கே. தேவராஜுக்கு அது சிரிப்பு. "கோயில் பிரகாரம் சுத்தற மாதிரி தொட்டுக் கும்புட்டுக்கினே வர்றான்" என்பான்.

கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. காற்று ஊதும் மின்விசிறி நின்றது. முகமூடிக்குள் வந்துகொண்டிருந்த நல்ல காற்றும் நின்றது. காதை அடைத்த சத்தமெல்லாம் ஒரேயடியாக ஓய்ந்து, நாங்கள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. தேவராஜின் இடுப்பிலிருந்த டார்ச்சின் கண்ணாடியில் பெயின்ட் படிந்திருந்தது. துடைத்ததும் இன்னும் அப்பிக்கொண்டது.

முகமூடியைக் கழற்றினோம். புதுப் பெயின்டின் நெடி மண்டைக்குள் ஏறியது. அதை நெடுநேரம் சுவாசித்தால் தலை சுற்றும், அப்புறம் ஆளே விழுந்துவிடுவார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

கன் கீழே விழும் சத்தம் கேட்டது. முட்டிகள் இரும்பில் மோதும் சத்தம், வேகமாக. தேவராஜ் ஓட ஆரம்பித்துவிட்டான். ஏணி இருந்த பக்கத்துக்கு நேர் எதிரே.

"மச்சான், அந்தப் பக்கம் இல்ல!"

 பொந்துக்குள் பாம்பு மாதிரி போகிறவன், மாடு மாதிரி மூச்சிரைத்துக்கொண்டு எதையோ முட்டினான்.

ஓஸ் மேலே இருக்கும் பம்ப்பிலிருந்து வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஏணிதான். ஹாரூனின் கையைத் தேடிப் பிடித்து ஓஸ் மேல் வைத்தேன். "கோ, கோ. டெல் அப்" என்றேன். அவர் ஏதோ ஓதிக்கொண்டே நகர்ந்தார். நான் ஓஸின் இந்த முனையை, ஸ்ப்ரே கன்னோடு, இழுத்துக்கொண்டு மச்சான் போன பக்கம் போனேன். ஓஸை விட்டால் நானும் தொலைந்தேன் என்று தெரியும். எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

அவன் கால் என் கையில் பட்டது. உதைத்தான்.

"நான்தான்டா, முனிரத்தினம். ஓஸைப் புடி."

"வழி இல்லடா. அடச்சிக்கீது. வழியே இல்ல."

"கீது. என் பின்னால வா. பேசிக்கினே வா."

"இன்னா பேசறது?"

"எதுனா பேசு. நேத்து இன்னா துன்ன?"

"மீ... மீன் கொழம்பு."

"யார் வெச்சது?"

"நீதான்டா வெச்ச. உப்பு ஜாஸ்தி."

அப்படியே வந்தோம். ஒரு கையில் ஓஸ், ஒரு கை சுவரில். சுவர் ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. அவன் பேச்சை நிறுத்தியபோதெல்லாம் நான் கேள்வி கேட்டேன். சில கேள்விகளுக்கு என் நாக்கே சரியாகப் புரளவில்லை. தலைக்குள் ஒரு வண்டு சுற்றியது. கடைசித் துளையைத் தாண்டியதும் மேலே வட்டமாக வெளிச்சமும், கையை நீட்டிக்கொண்டிருந்த ஹாரூனின் முகமும் தெரிந்தன.

மேல்தளத்தில் தேவராஜ் வாந்தி எடுத்துவிட்டு மல்லாந்து படுத்துக்கொண்டான். டாக்டர் வந்து பார்த்தார். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டான்.

மறுநாள் விளக்குப் போட்டு இறங்கியபோது, சுவர் நெடுக என் கை பதிந்திருந்தது. வெளிர் சாம்பல் பெயின்டில், தடுப்புக்குத் தடுப்பு, ஐந்து விரலும் விரிந்த கை. சீன சூப்பர்வைசர் டார்ச்சை ஒவ்வொன்றின் மேலும் நிறுத்திப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தோளில் தட்டினார். பிறகு, எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னார். பெயின்ட் மெல்லிசான இடத்தில்தான் உப்புத் தண்ணீர் முதலில் புகும். நானும் தேவராஜும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தோம். அவன் அன்று என்னைக் கேலி செய்யவில்லை.

அந்த வாரத்திலிருந்து எங்கள் பட்டறையில் தொட்டிக்குள் இறங்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பேட்டரி விளக்கு தனியாகக் கொடுத்தார்கள். வழி பார்த்து முதலில் இறங்கும் ஆளாக என்னைப் போட்டார்கள்.

லீவில் வந்தபோது

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. அண்ணனே தங்கச்சியிடம் சொல்லிவிட்டான். அடுப்படியில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

சுகுணா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கொழம்புல உப்பு ஜாஸ்தியா போட்ட?" என்றாள். சிரிக்கத்தான் கேட்டாள். ஆனால் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

நான் லீவு முடிந்து திரும்புவதற்கு முன் பாஸ்கர் சார் ஆள் அனுப்பினார். பொந்தைக் கண்டு பயந்து திரும்பும் ஆட்கள் பேட்ச்சுக்கு இரண்டு மூன்று பேர் வருகிறார்கள், நல்ல கைக்காரர்கள், வீணாகிறார்கள், நீ இருந்து சொல்லிக்கொடு என்றார்.

"எனக்கு வராது சார். எங்க ஊட்ல கேளுங்க" என்றேன்.

அவர் நான் விளையாடுவதாக நினைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். காவல்காரரைக் கூப்பிட்டு, "நிஜமா?" என்றார். காவல்காரர், தான் தூங்கிவிட்டதாகச் சொன்னார்.

சுகுணா இரண்டு நாள் யோசித்தாள். ஆலை வேலை சீசனுக்குத்தான். இது வருஷம் முழுக்க. அவள் கேட்டது ஒன்றுதான். புடவையோடு இனி நுழைய முடியாது, ஆண்களுக்குக் கொடுக்கிற மாதிரி தன் அளவுக்கு நீல உடுப்பு தைத்துத் தர வேண்டும். பாஸ்கர் சார் திருப்பதிக்கு ஆள் அனுப்பித் தைத்து வரவழைத்தார்.

முதல் நாள் நானும் கூடப் போனேன். உடுப்பை அங்கே போய் மாற்றிக்கொள்ளேன் என்றேன். "எதுக்கு? நைட்டியா இது?" என்று வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்தாள். தலையில் கனகாம்பரம், காலில் கனத்த பூட்ஸ். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஜனம் நின்று பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

திருப்பதி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கண்டக்டர் டிக்கெட் பெட்டியைத் தட்டிக்கொண்டே வந்து, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, ஏ கம்பெனி?"

"கப்பல் கம்பெனி" என்றாள் சுகுணா.

பஸ்ஸே சிரித்தது. முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பி, கப்பல் எந்த ஏரியில் நிற்கிறது என்று கேட்டார்.

சுகுணா சிரிக்கவில்லை. சில்லறையை எண்ணிக் கண்டக்டரின் கையில் வைத்து, "புத்தலப்பட்டு ரெண்டு. தோப்பாண்ட நிறுத்து, ஆளுங்க காத்துகினு இருப்பாங்க" என்றாள்.